அடினாய்டு சிஸ்டிக் புற்றுநோயில் கட்டியின் மரபணுக்கள் ஆயுளைப் பற்றி என்ன சொல்கின்றன?

கேட்கப்பட்ட கேள்வி இது. நடுத்தர வயதுள்ள அக்கா ஒருவருக்கு மேலண்ணத்தில் வந்த கட்டியை அறுவை சிகிச்சை செய்து எடுத்துப் பார்த்ததில், அது உமிழ்நீர்ச் சுரப்பியில் தோன்றும் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்று தெரியவந்திருக்கிறது. எம்ஒய்பி என்ற மரபணு இடம் மாறி இணைந்திருப்பதாகவும் அறிக்கையில் உள்ளது. நாட்ச்1 முதலிய மரபணுக்களைப் பார்க்கும் விரிவான சோதனையையும் செய்துகொள்ளலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். அந்தச் சோதனை ஆயுளைச் சொல்லிவிடுமா, அதைச் செய்யத்தான் வேண்டுமா, அக்காவின் பிள்ளைகளுக்கும் இந்த நோய் வருமா என்று தம்பி கேட்கிறார்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். எம்ஒய்பி இணைவு, நோய் இன்னதென்று உறுதிப்படுத்துகிறது; எவ்வளவு காலம் என்பதைப் பற்றி அது ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. நாட்ச்1 மரபணு ஓயாமல் தூண்டப்பட்டிருக்கும் வகையில் பிறழ்ந்திருந்தால், கட்டி வேகமாக முன்னேறும் வகையைச் சேர்ந்தது என்பதற்கு அது வலுவான அறிகுறி. தனி ஒருவருக்கு இத்தனை ஆண்டுகள் என்று கணக்கிட்டுத் தர இந்த இரண்டாலும் இயலாது. அறிக்கையில் உள்ள ஒரே ஒரு சொல்லைத் தேடிப் படித்து இரவெல்லாம் தூங்காமல் தவிக்கும் குடும்பங்கள் பல என்பதால், இதன் காரணங்களை விரிவாகவே சொல்வது நல்லது என்று நினைக்கிறேன்.

உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்களே அரியவை. அவற்றிலும் ஒரு பகுதிதான் அடினாய்டு சிஸ்டிக் வகை. காதின் முன்னே உள்ள பெரிய சுரப்பியிலும், தாடைக்குக் கீழே உள்ள சுரப்பியிலும், அண்ணத்தில் பரவிக் கிடக்கும் சிறு சுரப்பிகளிலும் இது தோன்றும். நரம்புகளைச் சுற்றிக்கொண்டு அவற்றின் வழியே ஊர்ந்து செல்வது இதன் தனிப்பட்ட குணம். அதனால்தான் கண்ணுக்குத் தெரிந்த கட்டி முழுவதையும் எடுத்த பின்னரும் பெரும்பாலும் கதிர்வீச்சு சிகிச்சை அளிக்கப்படுகிறது. கழுத்து நிணநீர்க் கணுக்களைவிட நுரையீரலுக்கே இது அதிகமாகச் செல்கிறது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு நான்கில் மூன்று பங்கினர் அல்லது அதற்கும் மேற்பட்டோர் உயிருடன் இருப்பதாகப் பல மருத்துவமனைத் தொகுப்புகள் காட்டுகின்றன. பெரும்பாலான புற்றுநோய்களில் ஐந்து ஆண்டைக் கடந்தவர்களுக்கு ஆபத்து தணிந்துவிடும். இதிலோ பத்தாம் ஆண்டிலும் பதினைந்தாம் ஆண்டிலும் உயிருடன் இருப்போரின் விகிதம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. எனவே இந்த நோயைப் பொறுத்தவரை ஐந்தாண்டுக் கணக்கை மட்டும் சொல்லி ஆறுதல் அளிப்பது நேர்மையாகாது.

மருத்துவர்களை நெடுங்காலம் குழப்பிய ஒன்று இதற்குள் இருக்கிறது. நுரையீரலில் சிறு புள்ளிகளோடு பத்து ஆண்டுகளுக்கு மேல் அன்றாட வேலைகளைப் பார்த்துக்கொண்டு வாழ்பவர்களும், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் எலும்பிலும் கல்லீரலிலும் நோய் பரவி இறப்பவர்களும் ஒரே நோயின் பெயரால்தான் அழைக்கப்படுகிறார்கள். இந்த வேறுபாட்டின் ஒரு பகுதியை நுண்ணோக்கி முன்பே காட்டியிருந்தது. குழாய் போன்ற அமைப்பு, சல்லடை போன்ற துளைகள் நிறைந்த அமைப்பு, இடைவெளியே இல்லாமல் செல்கள் அடைத்துக்கொண்டிருக்கும் திண்மையான அமைப்பு என மூன்று உருவங்கள் இந்தக் கட்டியில் கலந்து காணப்படும். திண்ம அமைப்பு முப்பது விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் மிக மோசமான தரம் என்பது நீண்ட காலமாக வழக்கில் உள்ள அளவுகோல். அந்தப் பகுதி சிறிதளவு இருந்தாலே கவலைக்குரியது என்று அண்மைக்கால ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். மரபணு ஆய்வு பின்னர் செய்ததெல்லாம், கண் கண்டுவைத்திருந்த இந்தப் பிரிவுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று விளக்கியதுதான் என்பேன்.

இந்தக் கட்டிகளில் 6ஆம், 9ஆம் குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்வது 1980களிலேயே கண்டறியப்பட்டது. அந்த முறிவின் இருபுறமும் எந்த மரபணுக்கள் இருக்கின்றன என்பதை ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் யோரன் ஸ்டென்மன் குழுவினர் 2009இல் வெளியிட்டனர்: 6ஆம் குரோமோசோமின் எம்ஒய்பி, 9ஆம் குரோமோசோமின் என்எஃப்ஐபி. மார்பகத்தில் தோன்றும் அடினாய்டு சிஸ்டிக் கட்டிகளிலும் இதே இணைவு இருந்தது. மற்ற மரபணுக்களை இயங்கச் செய்யும் புரதம் ஒன்றை எம்ஒய்பி உருவாக்குகிறது. வளர்ச்சி முடிந்த சுரப்பிச் செல்லில் அது அடங்கியிருக்க வேண்டும். இணைவின்போது எம்ஒய்பி தன் வால்பகுதியை இழப்பதால், அந்தப் பகுதியில் ஒட்டி அதைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்என்ஏக்கள் என்ற சிறு மூலக்கூறுகளின் பிடி தளர்ந்துவிடுகிறது என்பது முதலில் தரப்பட்ட விளக்கம். 2016இல் இன்னொரு காரணமும் தெளிவானது. என்எஃப்ஐபி போன்ற மரபணுக்களின் அருகில், அவற்றை மிகுந்த அளவில் இயக்கும் டிஎன்ஏ பகுதிகள் உள்ளன. இட மாற்றத்தால் அவை எம்ஒய்பிக்குப் பக்கத்தில் வந்துவிடுகின்றன. பக்கத்து வயலுக்குப் போக வேண்டிய நீர் கரை உடைந்து இந்த வயலுக்குப் பாய்வது போல, அந்த இயக்க ஆற்றல் முழுவதும் எம்ஒய்பிக்குக் கிடைக்கிறது. போதாததற்கு, எம்ஒய்பி புரதமே அந்தப் பகுதிகளில் போய் ஒட்டித் தன் உற்பத்தியை மேலும் பெருக்கிக்கொள்கிறது. சில கட்டிகளில் எம்ஒய்பிக்குப் பதில் அதன் உடன்பிறப்பான எம்ஒய்பிஎல்1 இதே வேலையைச் செய்வதும் 2016இல்தான் வெளிவந்தது.

இத்தனை தாமதம் ஏன் என்று வியக்கத் தோன்றும். நோய் அரிதாக இருந்ததோடு, ஆய்வுக்கூடங்களில் நம்பி வளர்த்த செல்களும் ஏமாற்றின. அடினாய்டு சிஸ்டிக் புற்றுநோயின் செல்கள் என்று பல ஆண்டுகளாகப் பல நாடுகளில் பயன்படுத்தப்பட்டு வந்த ஆறு செல் வரிசைகளை 2009இல் சரிபார்த்தபோது, அவற்றுள் ஒன்றுகூட அந்த நோயைச் சேர்ந்ததாக இல்லை. ஹீலா எனப்படும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல்களும், ஏன் எலிச் செல்களும்கூட அந்தப் பெயரில் வளர்ந்துகொண்டிருந்தன. பழைய ஆய்வுக் கட்டுரைகளில் இந்த நோய்க்கு ஏதோ ஒரு மருந்து செல்களில் வேலை செய்ததாகப் படிப்பவர்கள், அது எந்தச் செல் என்று பார்த்துவிட்டு நம்புவது நல்லது.

எம்ஒய்பி இவ்வளவு முதன்மையானதாக இருந்தும் ஆயுளைக் கணிக்க ஏன் உதவுவதில்லை? மெதுவாக வளரும் கட்டியிலும் வேகமாக வளரும் கட்டியிலும் அது ஒருசேர இருப்பதே காரணம். இணைவு கண்டறியப்படாத கட்டிகளிலும்கூட எம்ஒய்பி புரதம் பெரும்பாலும் மிகுந்தே இருக்கிறது. எல்லோரிடமும் இருக்கும் ஒன்றைக் கொண்டு ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரிக்க முடியாது. நோயைத் தொடங்கி வைப்பதில் அதன் பங்கு பெரிது. நோயின் வேகத்தைத் தீர்மானிப்பவை வேறு. ஆகவே உங்கள் அக்காவின் அறிக்கையில் எம்ஒய்பி இணைவு இருப்பதை நல்ல செய்தியாகவோ கெட்ட செய்தியாகவோ எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் பயன் நோயறிதலில் உள்ளது: அண்ணத்தில் தோன்றி, சிறிய பயாப்சியில் இதைப் போலவே தோற்றமளிக்கும், ஆனால் பொதுவாக இதைவிடச் சாதுவான பாலிமார்ஃபஸ் அடினோகார்சினோமா போன்ற கட்டிகளிலிருந்து இதைப் பிரித்தறிய அது துணை செய்கிறது.

2013இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தினர் 60 கட்டிகளின் மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்தி வெளியிட்டனர். புகையிலையாலோ வெயிலாலோ வரும் புற்றுநோய்களோடு ஒப்பிட்டால் இதில் பிறழ்வுகள் மிகக் குறைவு என்பது அதில் தெரிந்தது. நோயெதிர்ப்பு மண்டலம் அந்நியமென்று அடையாளம் காணத்தக்க மாற்றங்கள் இதனால் குறைந்துவிடுகின்றன. இம்யூனோதெரபி மருந்துகள் இந்த நோயில் பெரும்பாலும் ஏமாற்றம் அளித்ததற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. குறைவாக இருந்த அந்தப் பிறழ்வுகளோ சிதறிக் கிடக்கவில்லை; டிஎன்ஏ சுருண்டிருக்கும் விதத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களிலும், நாட்ச் எனப்படும் சமிக்ஞைப் பாதையிலும் திரும்பத் திரும்ப வந்தன.

இனி நாட்ச்1. செல்லின் மேற்பரப்பில் நிற்கும் ஏற்பி அது. பக்கத்துச் செல் தொடும்போது மட்டும் அது அறுபட்டு, உள்ளே இருக்கும் துண்டு உட்கருவுக்குச் சென்று மரபணுக்களை இயக்கும். தொடுதல் இல்லாதபோது அறுபடாமல் காக்கும் பூட்டு ஒன்று அந்தப் புரதத்திலேயே இருக்கிறது. வேலை முடிந்ததும் அந்தத் துண்டை விரைவில் அழிக்கச் செய்யும் வால்பகுதியும் இருக்கிறது. இந்த நோயில் காணப்படும் பிறழ்வுகள் பெரும்பாலும் அந்தப் பூட்டையோ வாலையோ கெடுப்பவை. அதன்பின் யாரும் தொடாமலே சமிக்ஞை ஓடிக்கொண்டிருக்கும்.

இது ஏன் நோயின் வேகத்தோடு தொடர்புடையது என்பதற்குக் கட்டியின் அமைப்பே விடை தருகிறது. குழாய், சல்லடை உருவங்களில் இரண்டு வகைச் செல்கள் சேர்ந்திருக்கின்றன: துளையைச் சுற்றி உள்ளே நிற்கும் உட்புறச் செல்கள், அவற்றை வெளியிலிருந்து அணைத்திருக்கும் மயோஎபிதீலியல் செல்கள். எம்ஒய்பி இரண்டிலும் இயங்குகிறது. ஆனால் வெளிச் செல்லில் பி63 என்ற புரதத்தோடு சேர்ந்தும், உட்புறச் செல்லில் நாட்ச் பாதையோடு சேர்ந்தும் இயங்குகிறது என்பதை மேலே சொன்ன 2016ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. நாட்ச்1 ஓயாமல் தூண்டப்படும்போது கட்டி உட்புறச் செல்களின் பக்கம் சாய்கிறது. வெளிச் செல்கள் குறைந்து மறைகின்றன. நுண்ணோக்கியில் நாம் காண்பது திண்ம அமைப்பு. ஆக, திண்ம உருவமும் நாட்ச்1 பிறழ்வும் பெரும்பாலும் ஒரே நிகழ்வை இரண்டு கருவிகளால் பார்ப்பதன் விளைவுகள்.

இதற்கான எண்கள் 2017இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மையத்திலிருந்து வந்தன. 102 நோயாளிகளில் 14 பேருக்கு நாட்ச்1 பிறழ்வு இருந்தது. பிறழ்வு இருந்தவர்களுக்குத் திண்ம அமைப்பும், நோயறியும்போதே முற்றிய கட்டமும், எலும்பு மற்றும் கல்லீரல் பரவலும் அதிகம். சரிபாதிப் பேர் உயிருடன் இருந்த காலம் பிறழ்வு உள்ளவர்களில் சுமார் 30 மாதங்கள். இல்லாதவர்களில் சுமார் 122 மாதங்கள். நோய் திரும்பாமல் இருந்த காலமும் 13 மாதங்களுக்கு எதிராக 34 மாதங்கள் என்று வேறுபட்டது. ஒரே பெயருள்ள நோயில் ஒரு மரபணு இந்த அளவுக்குப் பிரித்துக் காட்டுவது அரிது.

இந்த எண்களை வாசிக்கும்போது சிலவற்றை மனத்தில் இருத்த வேண்டும். அந்தப் 30 மாதங்கள் என்பது 14 பேரிலிருந்து பெறப்பட்டது. அவர்களிலேயே பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள். பெரிய மையங்களுக்கு வந்து மரபணுச் சோதனை செய்துகொள்வோர் பெரும்பாலும் நோய் திரும்பியவர்கள் அல்லது பரவியவர்கள். தொடக்கக் கட்டத்திலேயே முழுமையாக அறுத்தெடுக்கப்பட்டவர்கள் இத்தகைய கணக்குகளில் குறைவாகவே இடம்பெறுகிறார்கள். முற்றிய கட்டமும் திண்ம அமைப்பும் பிறழ்வும் ஒன்றாக வரும்போது, குறைந்த ஆயுளில் எந்தப் பங்கு எதனால் என்று இவ்வளவு சிறிய தொகுப்பில் முழுமையாகப் பிரித்தெடுக்க முடியாது. ஆயினும் திசையில் ஐயம் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிகளை ஒன்றுசேர்த்து 2019இல் வெளியான ஆய்வில், முதல்முறை எடுத்த கட்டிகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவாக இருந்த நாட்ச்1 பிறழ்வு, திரும்பி வந்த அல்லது பரவிய கட்டிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் இருந்தது. டிஎன்ஏ சுருண்டிருக்கும் விதத்தைக் கட்டுப்படுத்தும் கேடிஎம்6ஏ என்ற மரபணுவின் இழப்பும் அவ்வாறே பெருகியிருந்தது. வேகமான கட்டிகளே திரும்பி வந்து எண்ணிக்கையில் மிகுவதும் இதற்குக் காரணமாகலாம். நோய் முதிரும்போது புதிய பிறழ்வுகள் சேர்வதும் காரணமாகலாம். இரண்டுமே நடக்கின்றன என்பதே என் புரிதல். முதல் கட்டியில் நாட்ச்1 இல்லை என்ற முடிவு, பல ஆண்டுகள் கழித்துத் திரும்பும் கட்டிக்கும் பொருந்தும் என்று கொள்ள முடியாது என்பது இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம்.

2021இல் அதே ஹூஸ்டன் குழுவினர் மரபணுவோடு புரதங்களையும் ஆர்என்ஏவையும் சேர்த்து ஆராய்ந்து, இந்த நோயை இரண்டு வகைகளாகப் பிரித்தனர். எம்ஒய்சி என்ற வளர்ச்சி மரபணு ஓங்கி, நாட்ச் பிறழ்வுகள் திரண்டிருக்கும் முதல் வகை மிகக் கடுமையானது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட கட்டிகள் அதில் அடங்கின. பி63 மிகுந்த இரண்டாம் வகை மெல்லச் செல்வது. எனக்கு இதில் மிகவும் மதிப்புள்ளதாகத் தோன்றுவது, பி63, எம்ஒய்சி ஆகிய இரண்டை மட்டும் கொண்டே பெரும்பாலும் வகையைச் சொல்லிவிடலாம் என்று அவர்கள் காட்டியதுதான். பி63 சாயச் சோதனை சாதாரண நோயியல் கூடங்களிலும் செய்யப்படுவது. நாட்ச்1 பிறழ்வு இல்லாமலே முதல் வகையில் சேரும் கட்டிகளும் உண்டு என்பதால், ஒரு மரபணுவைவிடச் செல்லின் முழு நிலையைப் பார்ப்பதே சரியான வழி என்று நம்புகிறேன்.

அறிக்கையில் நாட்ச்1 என்ற சொல் இருந்தால் மட்டும் போதாது. எந்தப் பிறழ்வு என்பதைப் பார்க்க வேண்டும். தலை, கழுத்துப் பகுதியில் மிகப் பரவலாக வரும் செதில்செல் புற்றுநோயில் இதே மரபணு பெரும்பாலும் செயலிழக்கும் விதமாகப் பிறழ்கிறது; டி-செல் லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோயிலோ, அடினாய்டு சிஸ்டிக் நோயில் போலவே, அளவுக்கு மீறித் தூண்டப்படுகிறது. நான் மேலே சொன்ன ஆயுள் கணக்கு தூண்டும் பிறழ்வுகளுக்கே உரியது. பொருள் தெளிவாகாத மாற்றம் என்று குறிப்பிடப்பட்டிருந்தால் அந்த எண்களை அதோடு பொருத்திப் பார்க்கவே கூடாது. பிறழ்வு இல்லையென்பதால் அச்சமில்லை என்றும் ஆகாது. கட்டியின் அளவு, அறுத்த ஓரத்தில் நோய் மீந்ததா, பெரிய நரம்புகளில் பரவியதா, திண்மப் பகுதி எவ்வளவு, புற்றுநோயைத் தடுக்கும் டிபி53 மரபணு கெட்டிருக்கிறதா ஆகியவை தமக்கே உரிய எடை உள்ளவை.

சிகிச்சையை இது மாற்றுமா என்பதற்கு, இன்றைய நிலையில் ஓரளவே என்று சொல்ல வேண்டும். நாட்ச் புரதம் அறுபடுவதைத் தடுக்கும் காமா சீக்ரெட்டேஸ் தடுப்பான்கள் இந்தப் பிறழ்வு உள்ளவர்களிடம் சோதிக்கப்பட்டுள்ளன; கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது சிறுபான்மையினருக்குத்தான், மேலும் சிலருக்கு வளர்ச்சி சில காலம் நின்றது. குடலின் உட்படலத்துக்கும் நாட்ச் பாதை தேவைப்படுவதால் வயிற்றுப்போக்கு முக்கியமான பக்கவிளைவு. மரபணு பார்க்காமல் கொடுக்கப்படும் லென்வாட்டினிப் மருந்தில், 2019இல் வெளியான ஆய்வில் கணக்கில் கொள்ளப்பட்ட 32 பேரில் ஐந்து பேருக்குக் கட்டி சுருங்கியது. தென்கொரியாவில் ஆக்சிட்டினிப் மருந்தை வெறும் கண்காணிப்போடு ஒப்பிட்ட ஆய்வில் நோய் முன்னேறுவது தெளிவாகத் தள்ளிப்போனது. மரபணுவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததால் ஆயுள் நீண்டது என்று நிறுவப்பட்ட மருந்து இந்த நோய்க்கு இன்னும் வரவில்லை. கண்காணிப்பு வேறு விஷயம்: தூண்டும் பிறழ்வு இருந்தால் மார்பு ஸ்கேனோடு நின்றுவிடாமல் கல்லீரலையும் எலும்பையும் சேர்த்து, சற்று நெருக்கமான இடைவெளிகளில் பார்ப்பது நியாயமானது.

எனவே உங்கள் அக்காவுக்கு என் கருத்து இப்படி அமையும். கட்டி சிறியதாக, சல்லடை அல்லது குழாய் அமைப்பில், முழுமையாக எடுக்கப்பட்டிருந்தால், கதிர்வீச்சைத் தாமதமின்றி முடிப்பதுதான் இப்போதைய கடமை. விரிவான மரபணுச் சோதனை அவசரமில்லை, அதற்காகக் கடன் வாங்க வேண்டியதும் இல்லை. திண்மப் பகுதி இருந்தாலோ, நோய் முற்றியிருந்தாலோ, திரும்பி வந்தாலோ, பரவினாலோ சோதனை செய்வது பயனுள்ளது. அப்போது கூடுமானவரை புதிதாக எடுத்த திசுவில் செய்ய வேண்டும். எந்த நிலையிலும் மருத்துவமனையில் மெழுகில் பதித்து வைத்துள்ள கட்டியின் திசுவைப் பாதுகாத்து வைக்கச் சொல்லுங்கள்; இந்த நோய் பல ஆண்டுகளுக்குப் பிறகும் திரும்பக்கூடியது, ஒப்பிட அந்தத் திசு தேவைப்படும். அறிக்கையில் திண்மப் பகுதியின் விழுக்காடு எழுதப்படாமல் இருந்தால், அதை முதலில் கேட்டு வாங்குங்கள். ஆயுளைப் பற்றி, விலையுயர்ந்த சோதனைக்கு முன்பே, அந்த ஒரு வரி நிறையச் சொல்லும்.

பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்கு விடை எளிது. எம்ஒய்பி இணைவும் மேலே சொன்ன நாட்ச்1 பிறழ்வுகளும் கட்டியின் செல்களில், அவருடைய வாழ்நாளில் உண்டானவை. தாய் தந்தையரிடமிருந்து வந்தவை அல்ல, கருமுட்டை வழியாகப் பிள்ளைகளுக்குச் செல்பவையும் அல்ல. இந்த நோய் குடும்ப வழியாக வருவதாகக் கருதப்படுவதில்லை. இந்த ஒரு காரணத்துக்காக அவருடைய பிள்ளைகளுக்கு இரத்தப் பரிசோதனையோ மரபணுச் சோதனையோ செய்ய வேண்டியதில்லை.